வர்ஜீனியாவின் ஆறு பட்டங்கள்: ஒரு டென்னிஸ் நாட்குறிப்பு

ஜூன் 2, 2024, ஞாயிறு

டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் போன மாதம் முதல்முறையாக என்சிஏஏ, அதாவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நடத்தும் ஆண்கள் டென்னிஸ் அணிப் பட்டத்தை வென்றது. அன்றிலிருந்து பழைய சாம்பியன்களின் பட்டியலைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். 1946இல் தொடங்கும் பட்டியல் அது. முதல் வரியில் சதர்ன் கலிஃபோர்னியா, சுருக்கமாக யுஎஸ்சி. இன்றைக்கு அவர்களிடம் 21 பட்டங்கள் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டுக்கு 17, லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, அதாவது யுசிஎல்ஏவுக்கு, 16. மூன்றுமே கலிஃபோர்னியா. 1973 முதல் 1984 வரை பன்னிரண்டு வருஷம் இந்த மூன்று பேரைத் தவிர வேறு ஒருவர் கோப்பையைத் தொடவில்லை. 1985இல் டான் மகில் பயிற்சியில் ஜார்ஜியா பல்கலைக்கழகம் வந்துதான் அந்த வரிசையை உடைத்தது.

எனக்குப் பிடித்த டீம் இதில் வெகுநேரம் வராது. 2012 வரை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பெயரே கிடையாது. அப்புறம் பார்த்தால் 2013, 2015, 2016, 2017, 2022, 2023. கொரோனாவால் 2020இல் போட்டி நடக்கவில்லை. ஆக, 2013 முதல் 2023 வரை நடந்த பத்துப் போட்டிகளில் ஆறு அவர்களுடையது. அறுபது வருஷத்துக்கும் மேலாக ஒன்றும் இல்லை, பிறகு பத்துக்கு ஆறு. இது எப்படி நடந்தது என்று இந்த மாதம் எழுதிப் பார்க்கப் போகிறேன்.

ஜூன் 3, திங்கள்

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வர்ஜீனியா மாநிலத்துக்கு 1947, 1948 இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் கிடைத்திருக்கிறது. வென்றது வில்லியம் அண்ட் மேரி கல்லூரி. வில்லியம்ஸ்பர்க் ஊர்க்காரர்கள். அதை இன்று யாரும் பேசுவதில்லை.

இன்னொரு பெயரை எழுதாமல் இந்த மாநிலத்து டென்னிஸைப் பற்றிப் பேசவே கூடாது. ஆர்தர் ஆஷ். கறுப்பின ஆட்டக்காரர், ரிச்மண்ட் நகரத்தில் பிறந்தவர். அப்பா பொதுப் பூங்கா ஒன்றின் காவலாளி. அங்கேதான் பையன் ஆடப் பழகினான். அதே ஊரில் பேர்ட் பார்க் என்று நல்ல ஆடுகளங்கள் கொண்ட பூங்கா இருந்தது, அங்கே கறுப்பினத்தவர் ஆடக் கூடாது. பள்ளியின் கடைசி வருஷத்தில் செயின்ட் லூயிஸ் போனார், அங்கிருந்து ஸ்காலர்ஷிப்பில் யுசிஎல்ஏ. 1965இல் என்சிஏஏ ஒற்றையர், இரட்டையர், அணிப் பட்டம் மூன்றும் அவர் கையில். யுசிஎல்ஏவின் 16இல் ஒன்று அந்த 1965. பிறந்த மாநிலம் ஆடவிடாத ஒருவன் நாட்டின் மறுகோடியில் போய் வென்ற பட்டம் அது. பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் அந்த வரியில் எனக்குக் கோபம் வரும். இன்னும் வருகிறது.

ஜூன் 5, புதன்

இன்று சோம்தேவ் தேவ்வர்மன்.

குவாஹாட்டியில் பிறந்தாலும் டென்னிஸைப் பொறுத்தவரை சென்னைப் பிள்ளைதான். இங்கேதான் ஆடக் கற்றுக்கொண்டார். இங்கிருந்துதான் சார்லட்ஸ்வில் போனார். வர்ஜீனியா பல்கலைக்கழகம் இருக்கும் சின்ன ஊர் அது. பயிற்சியாளர் பிரையன் போலண்ட் அங்கே பொறுப்பேற்றுச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பெரிய கோப்பை எதுவும் இல்லாத டீம்.

சோம்தேவ் மூன்று வருஷம் தொடர்ந்து என்சிஏஏ ஒற்றையர் இறுதிக்குப் போனார். 2006இல் யுசிஎல்ஏவின் பெஞ்சமின் கோல்லோஃபெலிடம் தோல்வி. 2007இல் எதிரே ஜான் இஸ்னர். ஆறடி பத்து அங்குலம், அந்த சர்வ். ஆடிய இடமோ இஸ்னரின் சொந்த ஊர் மாதிரி, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஏதென்ஸ் மைதானம். அதே ஊரில் சில நாட்களுக்கு முன்னால்தான் இஸ்னரின் டீம் அணிப் பட்டத்தை வென்றிருந்தது. கூட்டம் முழுக்க அந்தப் பக்கம். சோம்தேவ் 7-6, 4-6, 7-6 என்று ஜெயித்தார். மூன்றாவது செட்டை முடிவுசெய்யும் டைபிரேக்கில் அப்படி ஒரு சர்வை எதிர்கொண்டு பந்தைத் திருப்பித் திருப்பிப் போட்டு வென்றிருக்கிறார் என்றால், அந்தக் கால்களுக்கும் அந்தப் பொறுமைக்கும்தான் மரியாதை.

2008இல் துல்சாவில் டென்னசியின் ஜே.பி. ஸ்மித்தை நேர் செட்களில் வென்று மறுபடியும் சாம்பியன். இரண்டு வருஷம் தொடர்ந்து ஒற்றையர் பட்டம் வென்றவர்கள் அதற்கு முந்தைய ஐம்பது வருஷத்தில் மூன்றே பேர்: டென்னிஸ் ரால்ஸ்டன், மிகேல் பெர்ன்ஃபோர்ஸ், மத்தியாஸ் போக்கர்.

அடுத்த ஜனவரியில் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் அவரைப் பார்த்தேன். 2009 சென்னை ஓபன். வைல்ட் கார்டில், அதாவது சிறப்பு அழைப்பில் நுழைந்து கார்லோஸ் மோயாவைச் சாய்த்து, கார்லோவிச்சைச் சாய்த்து, இறுதிவரை போனார். சிலிச்சிடம்தான் தோற்றார். என் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒவ்வொரு பாயிண்டுக்கும் எழுந்து நின்று, பின்னால் இருந்தவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டே இருந்தார். அவர் உட்காரவே இல்லை.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் இருந்த நான்கு வருஷமும் வர்ஜீனியாவுக்கு என்சிஏஏ அணிப் பட்டம் கிடைக்கவில்லை. 2008இல் தேசிய உள்ளரங்கப் பட்டம் வந்தது. அதுவே அந்த டீமின் முதல் தேசியக் கோப்பை. ஆனால் மே மாதத்து என்சிஏஏ கோப்பை வரவில்லை. நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரரை வைத்துக்கொண்டும் ஏன் வரவில்லை? இந்த ஒரு கேள்விக்குத்தான் மீதி நாட்கள்.

ஜூன் 8, சனி

கோயம்புத்தூரிலிருந்து அக்கா மகன் பேசினான். பிளஸ் டூ படிக்கிறான், ஜூனியர் டோர்னமெண்ட் ஆடுகிறான், அமெரிக்கக் கல்லூரிகளுக்கு எழுதிப் போட ஆரம்பித்திருக்கிறான்.

"மாமா, பெரிய டீம்ல சேர்ந்தா ஆறாவது இடம்தான் கிடைக்கும்ங்கறாங்க. அதுக்குச் சின்ன டீம்ல முதல் இடமே மேல் இல்லையா?"

அவனுக்குக் கணக்கைச் சொன்னேன். கல்லூரி டென்னிஸில் ஒரு மோதல் என்பது ஏழு புள்ளி. திறமை வரிசையில் முதல் இடம் தொடங்கி ஆறாம் இடம் வரை ஆறு ஒற்றையர் ஆட்டம், ஆளுக்கு ஒரு புள்ளி. மூன்று இரட்டையர் ஆட்டம், அதில் இரண்டை வெல்லும் டீமுக்கு ஒரே ஒரு புள்ளி. முதலில் நான்கு எடுப்பவர் ஜெயித்தார், அத்தோடு நிறுத்திவிடுவார்கள். சோம்தேவ் இஸ்னரையே வென்றாலும் ஒரு புள்ளிதான். பக்கத்துக் களத்தில் ஆறாம் இடத்துப் பையன் வென்றாலும் அதே ஒரு புள்ளி. ஆறு ஆட்டமும் ஒரே நேரத்தில் நடக்கும், பக்கத்துக் களத்துக் கூச்சல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பயிற்சியாளர்கள் களத்துக்குள்ளேயே நின்று பேசலாம். விம்பிள்டன் அமைதியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் மிரண்டுவிடுவார்கள்.

"அப்போ ஆறாவது ஆளு முக்கியம்தானா?"

"முதல் ஆளு அளவுக்கு முக்கியம்டா. கோப்பையே அங்கதான் இருக்கு."

சரி, இதை வெறும் பேச்சாக விடாமல் 2013ஐ எடுத்துக் காட்ட வேண்டும்.

ஜூன் 10, திங்கள்

நேற்று பிரெஞ்சு ஓபன் இறுதி, அல்கராஸ் ஐந்து செட் ஆடி வென்றார், தூங்கவே தாமதம். இன்று மாலைதான் உட்கார முடிந்தது.

2013க்கு முன் இரண்டு அடிகள். 2011இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த இறுதியில் வர்ஜீனியா யுஎஸ்சியிடம் 4-3 என்று தோற்றது. சனம் சிங் இருந்த டீம் அது. சண்டிகர்க்காரர், சில மாதங்களுக்கு முன்புதான் குவாங்சோ ஆசியப் போட்டியில் சோம்தேவோடு சேர்ந்து இரட்டையர் தங்கம் வாங்கியிருந்தார். ஒரே பல்கலைக்கழகத்தில் வளர்ந்த இரண்டு பேர் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கினார்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ஒரு புள்ளி குறைந்தது. 2012இல் மறுபடியும் யுஎஸ்சி, 4-2. யுஎஸ்சியில் அப்போது ஸ்டீவ் ஜான்சன். 72 ஒற்றையர் ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற மனிதர், ஆடிய நான்கு வருஷமும் அணிப் பட்டம். அவரிடம் தோற்பதில் வெட்கமில்லை. ஆனால் வர்ஜீனியாவால் மேயில் வெல்ல முடியாது என்ற பேச்சு அப்போதுதான் வலுத்தது.

2013 மே, இல்லினாய் மாநிலத்தின் அர்பானா. எதிரே யுசிஎல்ஏ. ஸ்கோர் 3-3. ஒரே ஒரு ஆட்டம் மீதி. இரண்டு டீமும் அந்தக் களத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டது. வர்ஜீனியாவின் மிட்செல் ஃபிராங்க், யுசிஎல்ஏவின் ஏட்ரியன் புஜே. மூன்றாவது செட்டில் ஃபிராங்க் 3-5 பின்தங்கியிருக்கிறார். புஜேவுக்குப் பட்டத்துக்கான பாயிண்ட். புஜே வலைக்கு ஓடி வந்து பந்தை அடித்துப் போட்டுவிட்டார், திரும்பி வரவில்லை. யுசிஎல்ஏவின் பதினேழாவது கோப்பை வந்தாயிற்று என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நடுவர் கை நீட்டினார். வந்த வேகத்தில் புஜே வலையைத் தொட்டுவிட்டார். பாயிண்ட் ஃபிராங்குக்கு.

அந்த ஒரு தீர்ப்பால்தான் வர்ஜீனியா வென்றது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அதற்குப் பிறகும் ஆட்டம் பாக்கி இருந்தது, அதை ஃபிராங்க் ஆடி எடுத்தார். புஜேவின் நிலைமை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது, அது வேறு. டீமின் முதல் ஆட்டக்காரர் ஜார்மியர் ஜென்கின்ஸ். அந்த வாரமே ஒற்றையர் இறுதிவரை போனவர், மேக் ஸ்டிஸ்லிங்கரோடு இரட்டையர் பட்டமும் வென்றவர். ஆனால் அணிக்கு முதல் கோப்பையைத் தந்த ஆட்டம் அவருக்குக் கீழே இடம்பிடித்த ஃபிராங்குடையது. சோம்தேவ் காலத்தில் இல்லாததும் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உச்சியில் ஆள் இருந்தார். அடியில் இந்தக் கனம் சேரப் போலண்டுக்கு இன்னும் சில வருஷங்கள் தேவைப்பட்டன.

ஜூன் 13, வியாழன்

இன்று கொஞ்சம்தான்.

2015இல் வேகோவில் ஓக்லஹோமாவை 4-1, 2016இல் துல்சாவில் மறுபடியும் அதே ஓக்லஹோமாவை 4-1, 2017இல் ஏதென்ஸில் நார்த் கரோலினாவை 4-2. தொடர்ந்து மூன்று. 2015இல் ரயன் ஷேனும் 2017இல் தாய்-சன் க்வியட்கோவ்ஸ்கியும் ஒற்றையர் பட்டத்தையும் கொண்டுவந்தார்கள். 2017 முடிந்ததும் போலண்ட் அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் ஆண்கள் பிரிவுத் தலைவராகப் போனார். அவர் போவது சீசன் நடக்கும்போதே எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் பையன்கள் சிதறாமல் ஆடி முடித்தது பெரிய விஷயம்.

ஜூன் 16, ஞாயிறு

அடுத்த பயிற்சியாளர் ஆண்ட்ரெஸ் பெட்ரோசோ. போலண்டிடம் முன்பு உதவியாளராக இருந்தவர், அந்த 2013 டீமோடு இருந்தவர். பொறுப்பேற்ற கையோடு ஒன்றும் நடக்கவில்லை. வேக் ஃபாரஸ்ட், டெக்சஸ், ஃபுளோரிடா என்று வேறு வேறு டீம்கள் கோப்பையைத் தூக்கின. 2022இல் அதே இல்லினாய் மைதானத்தில் கென்டக்கியை 4-0. 2023இல் ஆர்லாண்டோவில் ஓஹையோ ஸ்டேட்டை 4-0. லக்சம்பர்கின் கிறிஸ் ரோடேஷ், ஸ்பெயினின் இன்யாகி மோன்டெஸ் என்று பல நாட்டுப் பையன்கள்.

இறுதியில் 4-0 என்பது எதிரிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காத வெற்றி. இரட்டையர் புள்ளியை முதலிலேயே எடுத்துவிட்டால் மீதி மூன்றுக்கு ஆறு களத்தில் எங்கே வேண்டுமானாலும் தேடலாம். அந்தக் கட்டுமானம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 2013இன் பரபரப்பைவிட இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இரட்டையர் ஆட்டம் முன்பு எட்டு கேம் ஓடும். இப்போது ஆறு கேம் கொண்ட ஒரே செட், டியூஸ், அதாவது 40-40 வந்தால் அடுத்த பாயிண்டிலேயே கேம் முடிந்தது. அரை மணி நேரத்தில் ஒரு புள்ளி கையை விட்டுப் போய்விடும். அதனால்தான் பயிற்சியாளர்கள் இரட்டையர் ஆடத் தெரிந்த பையன்களைத் தேடுகிறார்கள்.

காலையில் அக்கா மகன் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிஷமும் பேஸ்லைனில் நின்று ஃபோர்ஹேண்ட். நல்ல ஃபோர்ஹேண்ட்தான். இரட்டையர் ஒன்றுகூட இல்லை. வாலியும் ரிட்டர்னும் தெரிகிற மாதிரி ஒரு முழு இரட்டையர் செட்டை எடுத்துச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை பார்ட்னரை வரச் சொல்லி எடுக்கிறானாம், மழை பெய்யாமல் இருந்தால்.