மாடு வந்த பிறகு வரும் மாதங்கள்

ஒரு வறுமை ஒழிப்புத் திட்டம் வென்றதா என்பதை, எத்தனை குடும்பங்களுக்கு மாடு வழங்கப்பட்டது என்ற கணக்கை வைத்து முடிவு செய்யும் வழக்கம் எனக்கு என்றுமே உவப்பாக இருந்ததில்லை. கூலி வேலையையே நம்பியிருக்கும் ஒரு குடும்பத்துக்குக் கிடாரி ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது சினைப்பட்ட பிறகும் கன்று ஈன ஒன்பது மாதங்களுக்கு மேலாகும். அதுவரை தீவனம் தேட வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் கூலியை விட வேண்டும். பால் வருமுன்பே செலவு வந்துவிடுகிறது. இடையில் யாராவது நோயில் விழுந்தால் முதலில் விலைபோவது அந்தக் கிடாரிதான்.

நிலைத்த வாழ்வாதாரம் என்பதற்கு ஆய்வாளர்கள் ராபர்ட் சேம்பர்ஸும் கார்டன் கான்வேயும் 1992-இல் தந்த வரையறை, இத்தகைய அதிர்ச்சிகளைத் தாங்கி மீள்வதையும், உடைமைகளை இழக்காமல் அடுத்த தலைமுறைக்கும் வாய்ப்பை விட்டுவைப்பதையும் அளவுகோலாகக் கொண்டது. வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002-இல் மிக வறிய குடும்பங்களுக்காகத் தொடங்கிய திட்டம், செலவுக்கும் வருமானத்துக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியைக் கணக்கில் எடுத்தது: கால்நடையோடு, அது பலன் தரும்வரை சாப்பாட்டுச் செலவுக்குச் சிறு உதவித்தொகை, வளர்ப்புப் பயிற்சி, சேமிப்பு, மருத்துவ உதவி, சுமார் இரண்டாண்டுகள் வீடு தேடி வரும் களப்பணியாளர். ஆறு நாடுகளில் இம்முறையைச் சோதித்து 2015-இல் வெளியான ஆய்வு, திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்த பின்னும் பெரும்பாலான இடங்களில் குடும்பங்களின் நுகர்வு உயர்ந்தே இருந்ததைக் காட்டியது. ஆனால் ஹோண்டுராஸில் பலர் கோழிகளைத் தேர்ந்தெடுத்தனர். அவற்றில் பெரும்பாலானவை நோயில் மடிந்தன.

வாழ்வாதாரத்தில் இயற்கை வளம் என்ற பக்கத்தைத்தான் பல திட்டங்கள் மறந்துவிடுகின்றன. எத்தியோப்பியா வறிய குடும்பங்களுக்காக 2005-இல் தொடங்கிய பாதுகாப்பு வலைத் திட்டம், கூலியாக வழங்கும் உதவியை மண் அரிப்பைத் தடுக்கும் பணிகளோடும் நீரைச் சேமிக்கும் பணிகளோடும் இணைத்தது. எனக்கு அது முக்கியமான முடிவாகப் படுகிறது. ஏனெனில் ஓர் ஊரில் எல்லோருக்கும் ஆடு கொடுக்கலாம். மேய்ச்சல் நிலம் மட்டும் பெருகுவதில்லை. பயனாளிப் பட்டியல் எழுதுமுன் அந்த நிலத்தை ஒருமுறை அளந்து பார்த்ததாக, நான் படித்த திட்ட அறிக்கைகளில் அரிதாகவே காண்கிறேன்.