ஒட்டுசுட்டானில் மழைக்குள்

டிசெம்பர் 21, 2018, வெள்ளி இரவு

மாங்குளத்தில் பஸ் ஏறும்போதே மழை பிடித்துவிட்டது. ஒட்டுசுட்டான் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் றோட்டைக் குறுக்கறுத்து வெள்ளம். சாரதி இறங்கிப் பார்த்துவிட்டு, "ஒண்டும் செய்யேலாது" என்று பஸ்ஸைத் திருப்பினார். இப்போது ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் இருக்கிறோம். கரண்ட் இல்லை. அயல் வீட்டார் பெரிய கேத்திலில் பிளேன்ரீ கொண்டுவந்தார்கள். அந்த மழையில் யார் கேட்டு வந்தார்கள்!

டிசெம்பர் 22, சனி

இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்களாம். கிளிநொச்சிப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர்.

கற்சிலைமடு பக்கத்தில்தானே, பகல் முழுக்க வெள்ளைக்காரரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியன் கதைதான். 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது, ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க்கின் ஆங்கிலேயப் படையிடம் தோற்றது எல்லாவற்றையும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சொன்னார். அவனைக் காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்த கதையைக் கொண்டக்டர் தம்பி இழுக்க, வாத்தியார் ஆதாரம் கேட்க, சோறு வரும்வரை வாக்குவாதம்.

இரவு தகரக் கூரையில் மழை இரைந்ததில் ஒரு சின்னவன் விடாமல் அழுதான். முள்ளியவளை ஆச்சி ஒருவர் அவனைக் கிட்ட இருத்தி, வற்றாப்பளை அம்மன் கதையைத் தொடங்கினார். மதுரையை எரித்த கண்ணகி கிழவியாக நந்திக்கடற் கரைக்கு வருகிறாள். மாடு மேய்க்கும் பெடியள் புக்கை பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை. "கடல் தண்ணியை விட்டு எரியுங்கோ" என்கிறாள், விளக்கு எரிகிறது. பிறகு தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். இந்த இடத்தில் ஆச்சி தன் தலையையே அவன் மடியில் சாய்த்து, "பாரடா அப்பு, என்ன தெரியுது?" என்றார். அவன் அழுகையை விட்டுவிட்டு நரைமுடியைப் பிரித்துப் பிரித்துத் தேடினான். "கண்! ஆயிரம் கண்!" என்று ஆச்சி சொன்னதும் மண்டபமே சிரித்தது.

அவன் தூங்கிய பிறகு தாய் கேட்டாள், இப்படிச் சொல்ல எங்கே பழகினீர்கள் என்று.

"மாத்தளன் பங்கருக்குள்ள, பிள்ளை. 2009இல, கடைசிச் சண்டை நேரம். செல் விழேக்க நிப்பாட்டுவன். பிறகு விட்ட இடத்தில இருந்து சொல்லுவன். பேரப்பிள்ளையளுக்கு எந்த இடத்தில விட்டது எண்டு சரியாத் தெரியும்."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அந்த வயதில் ஒவ்வொருவரிடமும் இப்படி எத்தனை இருக்கும்! நாங்கள் கேட்டு வைக்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

டிசெம்பர் 23, ஞாயிறு

தண்ணீர் வடிந்த பகுதிவரை உழவு இயந்திரத்தில் ஏற்றிவிட்டார்கள். வழியில் ஆச்சி, சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரிப்பதை விவரமாகச் சொன்னார். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குப் பிள்ளைகளோடு வருகிறேன் என்றேன். "முதல் நாளே வாங்கோ, வீட்டில தங்கலாம்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு லீவு கேட்கவேண்டும்.