எண்பதாம் கல்யாணத்துக்கு முப்பத்தொன்பது பின்

போன மாதம் புதுப்பாளையத்திலிருந்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து நீட்டினார். 2005இல் நான் அடித்துக் கொடுத்த அவருடைய அறுபதாம் கல்யாணப் பத்திரிகை. "ஏம்மா, எண்பதாம் கல்யாணம் வருது. இதே மாதிரியே வேணும். புள்ளையாரு, வாழமரம், எழுத்து எதையும் மாத்தாத" என்றார்.

"சரிங்க ஐயா" என்று வாய் சொல்லிவிட்டது. அவர் படியிறங்கின பிறகுதான் வயிறு கலங்கியது.

அதை அடித்த பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கும் பழைய சாஃப்ட்வேர்) ஃபைல் இருப்பது ஒரு பழைய 80 ஜிபி டிஸ்க்கில். திருப்பாப்புலியூரில் டிடிபி கடை போட்ட புதிதில் வாங்கிய கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக இருந்தது. தானே புயலில் கடைக்கூரை பறந்தபோது தார்ப்பாய் போட்டு மூடிக் காப்பாற்றிய கம்ப்யூட்டர் அது. பிறகு காயலான் கடைக்குப் போய்விட்டது. டிஸ்க்கை மட்டும் கழற்றி பாலிதீன் கவரில் சுற்றிப் பரணில் போட்டிருந்தேன். இறக்கிப் பார்த்தால், பின்பக்கம் இரண்டு வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு பின்கள். ஐடிஇ, டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பழைய முறை. இப்போதைய கம்ப்யூட்டரில் அதைச் செருக இடமே கிடையாது.

ஐடிஇ கேபிளைப் பார்த்திராதவர்களுக்கு: பட்டையான சாம்பல் நிற ரிப்பன், ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோடு இருக்கிற பக்கம்தான் முதல் பின். பெயருக்கு 40 பின், எண்ணினால் 39தான் இருக்கும். தலைகீழாகச் செருகிவிடக் கூடாது என்பதற்காக 20ஆவது பின்னை எடுத்துவிட்டு, கேபிளில் அந்த ஓட்டையை அடைத்திருப்பார்கள். ஒரே ரிப்பனில் இரண்டு டிஸ்க் மாட்டலாம். யார் மாஸ்டர் (முதல் டிஸ்க்), யார் ஸ்லேவ் (இரண்டாவது) என்பதை டிஸ்க்கின் பின்னால் இருக்கிற ஜம்பர்தான் சொல்லும். அரிசிமணி அளவு பிளாஸ்டிக் தொப்பி. அது கீழே விழுந்து, தரையெல்லாம் கையால் தடவித் தேடாத மெக்கானிக் அந்தக் காலத்தில் இருந்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பாண்டி போனேன். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சட்டை, செருப்பெல்லாம் தாண்டி, பழைய சார்ஜர்களைக் குவித்து வைத்திருந்த ஒருவரிடம் ஐடிஇயை யூஎஸ்பியாக்கும் அடாப்டர் கிடைத்தது. தனி பவர் அடாப்டரும் சேர்த்துக் கேட்டு வாங்கினேன். இந்தப் பெரிய டிஸ்க் சுற்ற 12 வோல்ட் வேண்டும். சாதாரண யூஎஸ்பி போர்ட் தருவது 5 வோல்ட்தான்.

வந்து மாட்டினேன். டிஸ்க் 'ஙொய்ய்'யென்று சுற்றியது. ஆனால் மை கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். கழற்றிப் பார்த்தால் ஒரு பின் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது, நான் அவசரத்தில் அழுத்தியதுதான். மைக்ரோடிப் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்த மெல்லிய குழல் முனையைப் பின்மேல் கவிழ்த்து மெதுவாக நிமிர்த்தினேன். முறுக்கக் கூடாது, முறிந்துவிடும். திரும்ப மாட்டினேன். அப்போதும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது, இது இரண்டாவது டிஸ்க்காக இருந்தது, ஜம்பர் இன்னும் ஸ்லேவில் இருக்கிறது. லேபிளில் இருந்த படத்தைப் பார்த்து, புருவம் திருத்தும் சாமணத்தால் ஜம்பரை உருவி மாஸ்டரில் வைத்தேன். டிங் என்று சத்தம். இ டிரைவ் வந்தது.

ஐடிஇக்கு அடுத்து வந்த இணைப்பு முறையான சாட்டாவில் இத்தனை கூத்தும் கிடையாது. 2003இல் வந்த அதில் ஒரு கேபிளுக்கு ஒரே டிஸ்க். மாஸ்டரும் இல்லை ஸ்லேவும் இல்லை. டேட்டாவுக்கு 7 தொடுமுனை, பவருக்கு 15. நாற்பதைக் குறைத்து ஏழாக்கினால் வேகம் எப்படிக் கூடும் என்று என் தம்பி கேட்டான். ஐடிஇயில் 16 பிட் ஒரே நேரத்தில் போக வேண்டும். பதினாறு பேர் கைகோத்துக்கொண்டு ஓடுவது மாதிரி. மெதுவாக ஓடினால் சரி, வேகம் கூடினால் ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார், பக்கத்தில் இருப்பவரை இடிப்பார். இடிக்காமல் இருக்கத்தான் பிற்பாடு ரிப்பனில் இன்னும் 40 எர்த் கம்பிகளை இடையிடையே போட்டு 80 ஆக்கினார்கள். அப்படியும் நொடிக்கு 133 எம்பியோடு நின்றுவிட்டது. சாட்டாவில் ஒருவர் பின் ஒருவராக ஓடுகிறார்கள், முழு மூச்சாக ஓடலாம்.

கடைக்காரர்கள் "சிக்ஸ் ஜிபி சாட்டா" என்று சொல்வதை நம்பி, நொடிக்கு 6 ஜிகாபைட் என்று நினைக்காதீர்கள். அது ஜிகாபிட். ஒரு பைட் அனுப்ப அதில் 10 பிட் செலவாகிறது, ஆக 600 எம்பி. சுற்றுகிற சாதாரண டிஸ்க் அதில் பாதியைக்கூடத் தொடாது. பழைய 3 ஜிகாபிட் போர்டில் ஹார்ட் டிஸ்க் போட்டிருப்பவர் வேகத்துக்காக மதர்போர்டு மாற்றுவது தண்டச் செலவு. டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே போர்ட்டில் எஸ்எஸ்டி (சுற்றும் தகடு இல்லாமல் சிப்பிலேயே சேமிப்பது) போடுங்கள்.

நான் ஏமாந்தது எம்.2வில், அதாவது மதர்போர்டிலேயே செருகுகிற சின்ன ஸ்டிக் மாதிரியான எஸ்எஸ்டியில். போன வருஷம் ஒரு கடையில் கேட்டு வாங்கி வந்த எம்.2 ஸ்டிக் ஸ்லாட்டில் பாந்தமாக உட்கார்ந்தது, ஆனால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஸ்டிக் சாட்டா, என் போர்டின் ஸ்லாட் என்விஎம்ஈ (சாட்டாவைவிட வேகமான வேறொரு முறை) மட்டும். எம்.2 என்பது உருவத்தின் பெயர்தான், உள்ளே ஓடுவது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் சாட்டா ஸ்டிக்கில் இரண்டு வெட்டு இருக்கும், என்விஎம்ஈயில் ஒன்று. அதைக்கூட முழுசாக நம்பாமல் போர்டு மேனுவலைப் பார்ப்பதுதான் உத்தமம். கடையில் திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். யூஎஸ்பி கேஸில் போட்டு பென் டிரைவாக வைத்திருக்கிறேன்.

சரி, பத்திரிகைக்கு வருகிறேன். ஃபைல் கிடைத்தது, எழுத்தெல்லாம் ஆங்கிலக் குப்பையாக நின்றது. யூனிகோட் இல்லாத பாமினி எழுத்துரு, அது கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் தமிழ் தெரியாது, ஆங்கில எழுத்துதான் தெரியும். நல்லவேளை, அதே டிஸ்க்கில் ஃபான்ட் ஃபோல்டரும் இருந்தது. போட்டதும் பிள்ளையார், வாழைமரம், எழுத்து எல்லாம் அப்படியே எழுந்து நின்றன. அறுபதை எண்பதாக்கி, தேதி மாற்றி, பேரன் பேத்தி பெயர்களைச் சேர்த்துப் பிரின்ட் எடுத்து வைத்தேன்.

பெரியவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"சுற்றமும் நட்ப்பும்னு இருக்கே. அப்பவே இப்படித்தான் அடிச்சியாம்மா?"