மொய் நோட்டின் முதல் வரி

என் பூட்டி எந்த ஊரில் பிறந்தாள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பூட்டனுக்காவது முசிறி என்று ஒரு பெயர் சொல்வார்கள். பூட்டிக்கு அதுவும் இல்லை. "அங்கிட்டுத்தான் எங்கேயோ" என்பதோடு பேச்சு நின்றுவிடும். மார்கழியில் நான் நீலகிரியில் இருக்கும் கொளப்பள்ளிக்குக் கிளம்பியது அவளைத் தேடித்தான்.

ஊட்டியில் காலை ஏழு மணிக்குக் கூடலூர் பேருந்து. பைக்காரா தாண்டும்வரை கண்ணாடிக்கு வெளியே பனியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. நடுவட்டத்துக்குக் கீழே வளைவுகளில் இறங்க இறங்கக் காது அடைத்துக்கொண்டது, கழுத்துத் துண்டைக் கழற்ற வேண்டியிருந்தது. கூடலூரில் ஒரு டீ. அங்கே ஒரு சாலை கேரளாவுக்கும் இன்னொன்று கர்நாடகாவுக்கும் பிரியும். நான் ஏறியது தேவாலா, பந்தலூர் வழியாகப் போகும் வண்டியில். 1880 வாக்கில் தங்கம் கிடைக்கும் என்று வெள்ளைக்காரக் கம்பெனிகள் வந்து இந்தத் தேவாலா மலையைக் குடைந்து தள்ளின. இப்போது கண்ணுக்கு எட்டியவரை தேயிலை.

மடியில் ஒரு ஃபைல் வைத்திருந்தேன். அதில் இருந்த மூன்று காகிதங்களை எத்தனை முறை படித்திருப்பேன் என்று சொல்ல முடியாது. அம்மாயியின் (பூட்டியின் மகள், என் அம்மாவைப் பெற்றவள்) இந்தியப் பாஸ்போர்ட், இலங்கையில் கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்தில் கொடுத்தது. தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டை. அம்மாயியின் பிறப்புச் சான்று.

இந்தக் காகிதங்கள் எப்படி வந்தன என்று சொன்னால்தான் மற்றது புரியும். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவானது. மிச்சம் 1.5 லட்சம் பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பம் இந்தியா பக்கத்து எண்ணிக்கையில் வந்தது. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-ல் வனத்துறையின் திட்டமாகத் தேயிலை நட ஆரம்பித்து, 1976-ல் இருந்து டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) என்று தனியாக நடத்துகிறார்கள்.

நம்மை இன்னார் என்று நினைவில் வைப்பதற்காக எழுதிய காகிதங்கள் அல்ல இவை. எண்ணி அனுப்புவதற்காக எழுதியவை. அம்மாயிக்குத் தகப்பன் பெயர் இருக்கிறது, புருஷன் பெயர் இருக்கிறது. தாயின் பெயர் பிறப்புச் சான்றில் மட்டும் ஒரு மூலையில் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் ஊர் இல்லை. அதுவும் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு நாலு பேர் வைத்திருந்த பெயர். (அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் வீட்டில் இன்னும் இரண்டு பெண்கள் அதைச் சுமக்கிறார்கள்.)

இலங்கையில் எங்கள் குடும்பம் இருந்த தோட்டத்தின் பெயரிலேயே நான் ஒரு வருஷம் வழி தவறினேன். சான்றில் இருப்பது இங்கிலீஷ் பெயர். வீட்டில் எல்லோரும் சொல்வது வேறு ஒரு தமிழ்ப் பெயர். மலையகத்தில் பல தோட்டங்களுக்கு ஜனங்கள் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள், அது துரைமார் வைத்த பெயரோடு ஒட்டவே ஒட்டாது. பழைய ஃபெர்குசன் இலங்கை டைரக்டரியில் இந்தத் தமிழ்ப் பெயர்களையும் அச்சிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் இரண்டும் ஒரே தோட்டம் என்று பிடிபட்டது. மலையகத்து முன்னோரைத் தேடுகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

பாஸ்போர்ட்டில் பூட்டனின் ஊர் இருக்கிறது: திருச்சினாப்பள்ளி ஜில்லா, முசிறி தாலுகா, கிராமம் 'கோபமட்டி'. இங்கிலீஷில் எழுதியிருந்ததை அப்படித்தான் படிக்க முடிந்தது. எண்பதுகளில் என் மாமா அந்தக் காகிதத்தோடு முசிறிக்குப் போய், காவிரிக்கரையில் நின்று எதிரே வந்தவர்களையெல்லாம் கேட்டிருக்கிறார். அப்படி ஓர் ஊரே இல்லை என்றார்களாம். திரும்பி வந்தவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

கொளப்பள்ளியில் இறங்கும்போது மணி பதினொன்று. சின்ன அம்மாயி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மாயியின் கடைசித் தங்கை, முப்பது வருஷத்துக்கு மேல் இங்கே கொழுந்து பறித்தவர். விரல் நுனிகளில் அந்தக் கறுப்பு இன்னும் போகவில்லை. "வா சாமி, பசியா வந்திருப்ப" என்று ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார். வீட்டை இன்னும் லயம் என்றுதான் சொல்கிறார், வேலைக்குப் பேர் கொடுப்பதைப் பெரட்டு என்கிறார். இலங்கையில் இருந்தவரை கள்ளத்தோணி என்று ஏசினார்கள். இங்கே வந்து ஐம்பது வருஷமாகப் போகிறது, கடைத்தெருவில் இன்றைக்கும் சிலோன்காரர்.

சாப்பிட்டதும் கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தோம். கப்பலில் வந்த பெட்டி. மூடியைத் திறந்ததும் நாப்தலின் வாசம். மேலே ஒரு பட்டுத்துணி, மாரியம்மன் படம், சம்பளச் சீட்டுகள், ரேஷன் புத்தகம். எல்லாவற்றுக்கும் அடியில், நூலால் தைத்த ஒரு நீள நோட்டு.

"அது அக்கா கல்யாணத்து மொய் நோட்டு. அப்பா எழுதுனது. அதுல என்னா இருக்கப் போவுது?"

1957 ஆவணி என்று மேலே எழுதியிருந்தது. பிள்ளையார் சுழிக்குக் கீழே முதல் வரி: தாய்மாமன், உப்பிலியபுரம். அதற்கு நேரே பெயர், புடவை 1, ரூபாய் 21.

இரண்டாவது தடவை படித்தபோதுதான் உறைத்தது. மணப்பெண் என் அம்மாயி. அம்மாயியின் தாய்மாமன் என்றால் பூட்டியின் கூடப் பிறந்தவன். அண்ணனோ தம்பியோ, அவனுக்கு உப்பிலியபுரம் என்றால் அவளுக்கும் அதுதான். எந்த அதிகாரியும் கேட்காத ஊர். சீர் முறைக்காகப் பூட்டன் எழுதி வைத்ததால் தங்கியிருக்கிறது. மொய் நோட்டில் பெண்கள் பெயர் அநேகமாக வராது என்பது உண்மைதான். ஆனால் தாய்மாமனை எழுதாமல் எந்தக் கல்யாணத்து நோட்டையும் தொடங்க முடியாதே!

அப்புறம் ஒவ்வொரு வரியாகப் போனேன். நூறு பேருக்கு மேல். துறையூர், தாத்தையங்கார்பேட்டை, பெரம்பலூர், நாமக்கல் என்று ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஓர் ஊர். இவர்களில் பாதிப் பேர் இலங்கை மலையிலேயே பிறந்தவர்கள் என்கிறார் சின்ன அம்மாயி. கூலியாட்கள் இலங்கைக்குப் போவதை இந்தியா 1939-லேயே தடை செய்துவிட்டது. எழுதிய ஊரைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் அவர்கள். இருந்தும் ஒருவர்கூடத் தோட்டத்தின் பெயரைத் தன் ஊராகச் சொல்லவில்லை. எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிட்டது.

பங்காளிகள் என்று தனியாகக் கோடு போட்டு ஏழு பெயர்கள். ஏழுக்கும் ஒரே ஊர், கொப்பம்பட்டி. பாஸ்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கோபமட்டி. உப்பிலியபுரத்துக்குப் பக்கத்து ஊர், பச்சைமலை அடிவாரத்துப் பக்கம். இப்போது அது துறையூரோடு சேர்ந்தது. அந்தக் காலத்தில் துறையூரே முசிறி தாலுகாவுக்குள் இருந்தது. காகிதம் தாலுகாவைச் சொல்லியிருக்கிறது, மாமா அதை ஊர் என்று எடுத்துக்கொண்டு முசிறிக்குப் போய் நின்றிருக்கிறார். வாசலுக்கு வந்து மாமாவுக்கு ஃபோன் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "கொப்பம்பட்டியா" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

நோட்டைத் தருவீர்களா என்று கேட்டதற்குச் சின்ன அம்மாயி தலையாட்டி மறுத்துவிட்டார். சரிதான், அது அவர் அப்பாவின் கையெழுத்து. எல்லாப் பக்கங்களையும் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தேன். அதற்குள் நாலரை ஆகிவிட்டது. இருட்டினால் இந்தப் பாதையில் யானை வரும், பேருந்தை விட்டால் நடக்கவும் முடியாது. கிளம்பலாம் என்று எழுந்தபோது, "எழுதுறதுதான் எழுதுற, அம்மா பெத்த மத்த மூணையும் எழுதிக்க" என்றார்.

மூன்றா என்றேன். எனக்குத் தெரிந்து பூட்டிக்கு நான்கு பிள்ளைகள். மொத்தம் ஏழு என்றார். மூன்று ஒரு வயது முடியும் முன்பே போய்விட்டன, கடைசி லயத்துக்குக் கீழே, தண்ணீர் பிடிக்கும் பீலி ஓரத்தில் புதைத்தார்களாம். பாஸ்போர்ட்டில், குடும்ப அட்டையில், மொய் நோட்டில்கூட அவை இல்லை. சின்ன அம்மாயி விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். இரண்டு பெண், ஓர் ஆண். அதில் ஒரு பெண்ணுக்கு வைத்ததுதான் என் அம்மாவின் பெயர்.

மூன்றையும் எழுதிக்கொண்டு பேருந்துக்கு ஓடினேன். தை முடிந்ததும் மாமாவும் சின்ன அம்மாயியும் நானுமாக உப்பிலியபுரம் போகிறோம். நோட்டைச் சின்ன அம்மாயி தானே எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.