கூடத்தில் ஒரு ரோஸ் நிறக் கடல்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் கடல் ரோஸ் நிறம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சைக்கிளை மிதித்தால் கால் மணி நேரத்தில் தேவனாம்பட்டினம் கடற்கரை வந்துவிடும், அப்படியிருக்க வீட்டுக்குள் எதற்கு இன்னொரு கடல், அதுவும் எங்கோ பிரான்சில் வரைந்தது என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

படம் ஆன்றி மத்தீஸ் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்தது. 1905 கோடையில், அவருக்கு 35 வயது நடக்கும்போது, ஸ்பெயின் எல்லையை ஒட்டிய கொலியூர் என்ற மீன்பிடி ஊரில் போய்த் தங்கினார். (கொலியூர்! பண்ருட்டி பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும் ஊர் மாதிரியே இருக்கிறது.) கூடவே ஆந்த்ரே தெரன் என்ற இளைய ஓவியரும் இருந்தார். அங்கே தன் அறை ஜன்னலைத் திறந்தால் தெரிந்ததைத்தான் மத்தீஸ் வரைந்திருக்கிறார். திறந்த கதவுகள், பூந்தொட்டிகள், கொடி, அதற்கு அப்பால் கட்டிப்போட்ட படகுகள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஜன்னலுக்கு இடப்பக்கச் சுவர் நீலப்பச்சை, வலப்பக்கச் சுவர் அடர்ந்த ரோஸ். ஒரே அறையின் ஒரே சுவர்! கண்ணாடிக் கதவுகளில் இதே இரண்டு நிறங்களும் இடம் மாறித் திரும்ப வருகின்றன. பாய்மரங்கள் ஆரஞ்சு, தண்ணீர் ரோஸ், வானத்திலும் ரோஸும் ஊதாவும் பட்டை பட்டையாக.

அந்த வருடம் பாரிஸில் நடந்த இலையுதிர்காலக் கண்காட்சியில் இதையும் இவர்கள் கூட்டத்தின் மற்ற படங்களையும் வைத்தபோது, லூயி வோசெல் என்ற விமர்சகர் 'காட்டு மிருகங்கள்' என்று எழுதினார். அதுவே அந்தக் கூட்டத்துக்குப் பெயராக நின்றுவிட்டது. இப்போது இந்தப் படம் வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அளவு 55 சென்டிமீட்டருக்கு 46தான். இந்த அளவை நான் கவனிக்காமல் போனதால்தான் முதல் தடவை பணம் வீணானது.

முதல் பிரிண்டை மூன்றடி உயரத்துக்குப் போட்டேன். பெரிதாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைப்பு. சுருக்கென்று வைத்த சின்னச் சின்னத் தீற்றல்கள் எல்லாம் ஊதிப் பெருத்து, படம் பேனர் மாதிரி ஆகிவிட்டது. பளபளப்பான தாளில் போட்டதால் ரோஸ் எல்லாம் குங்குமச் சிவப்பாக வந்தது. பிரேம் போட்ட இடத்தில் சாமி படத்துக்குப் போடுகிற மாதிரியே தங்க நிறப் பூச்சட்டம் போட்டு, தாளைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து இறுக்கிக் கொடுத்தார்கள். ஐப்பசி மழை ஆரம்பித்து மூன்று வாரத்தில் தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, பிரிக்கப் போனால் கடல் பாதி கண்ணாடியோடு வந்துவிட்டது. நான் மாட்டியிருந்ததும் வெளிச்சுவரில். நம் ஊரில் அந்தச் சுவர் வடகிழக்குச் சாரலை முழுக்க வாங்கி ஓதம் ஏறி, உப்புப் பூத்துப் பொரிந்துவிடும் என்று தெரிந்தும் மாட்டினேன்.

இரண்டாவது தடவை பொறுமையாகச் செய்தேன். ஓவியத்தின் அசல் அளவிலேயே பிரிண்ட். பளபளப்பு இல்லாத, பஞ்சு கலந்த கனமான தாள். நிறத்துகள் கலந்த பிக்மென்ட் இங்க் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன், ஏனென்றால் சாதாரண டை இங்க் வெயில் பட்டால் சீக்கிரம் வெளுக்கும், ரோஸ் போய்விட்டால் இந்தப் படத்தில் மிச்சம் ஒன்றுமில்லை. முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் அடித்துப் பார்த்தேன், இடப்பக்கச் சுவரும் கொஞ்சம் தண்ணீரும் வருகிற மாதிரி. நிறம் சரியாக வந்த பிறகுதான் முழுசாக. தாளுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி இருக்க நான்கு பக்கமும் வெள்ளை மவுண்ட் அட்டை, அதைச் சுற்றி எந்த வேலைப்பாடும் இல்லாத மரச்சட்டம். பிரேமின் பின்பக்கம் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகள், சுவரில் ஒட்டாமல் காற்றுப் போக. மாட்டியது உள்சுவரில், நேர் வெயில் விழாத இடத்தில். நின்று பார்க்கிற உயரத்தில் மாட்டவில்லை. நாங்கள் கூடத்தில் தரையிலோ பாயிலோதான் உட்காருவோம், அதனால் ஒரு முழம் இறக்கி.

டியூப் லைட்டில் ரோஸ் செத்துப்போய்த் தெரிந்தது. அந்தப் பக்கம் மட்டும் மஞ்சள் வெளிச்சம் தருகிற பல்பு மாற்றினேன், சரியாகிவிட்டது.

உரிமை பற்றிச் சில பேர் கேட்டார்கள். மத்தீஸ் இறந்தது 1954. நம் நாட்டுச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டு, அது 2014 முடிவோடு தீர்ந்தது. வீட்டுக்குப் பிரிண்ட் போடத் தடை இல்லை.

போன மாதம் மாமா வந்திருந்தார், அம்மாவின் அண்ணன், தேவனாம்பட்டினத்தில் 40 வருஷம் கடலுக்குப் போனவர். கையில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம். படத்துக்கு நேரே உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே நெடுநேரம் பார்த்தார். நிறத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவே இல்லை.

"எந்த ஊரு மாப்ள இது?"

சொன்னேன்.

"பாய் எல்லாம் இறக்கிட்டானுவோ. மரம் நேரா நிக்கல பாரு, ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் சாயுது. கரையோரம் லேசா அலை இருக்கு. விடியக்காலையா, பொழுது சாயுற நேரமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கொலியூரும் நம்மைப் போலக் கிழக்கே கடல் உள்ள ஊர், அதை மட்டும் சொன்னேன். அப்படியென்றால் விடியல்தான் என்று மாமா முடிவே செய்துவிட்டார். தை மாசம் வெள்ளாப்பு நேரத்தில், சூரியன் தலை காட்டுவதற்கு முன்னால், காற்று விழுந்து கிடக்கும்போது தண்ணீர் இதே நிறத்தில் இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் வலையில்தான் கண் இருக்குமே தவிர தண்ணீரை யார் பார்த்தது என்றார்.

நானும் பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், கடலை வரையச் சொன்னால் நீலக் கிரேயானைத்தான் எடுத்திருப்பேன். மழை மாதங்களில் கெடிலமும் தென்பெண்ணையும் கொண்டுவந்து கொட்டும் வண்டலில் அது செம்மண் நிறத்தில் கலங்கிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே நீலம் என்று சொல்லி வந்திருக்கிறேன். இந்தப் படம் வீட்டுக்கு வந்த பிறகு வாரத்துக்கு இரண்டு நாளாவது ஐந்தரை மணிக்கு எழுந்து போகிறேன். ஒரு நாள் ஈயம் மாதிரி, ஒரு நாள் நீர்மோர் மாதிரி, இதுவரை மூன்றே மூன்று தடவை ரோஸ். அதுவும் ஏழெட்டு நிமிஷம்தான். அப்போது ஃபைபர் படகுகளின் நிழல் விழுகிற இடம் மட்டும் பச்சையாக இருந்தது, ரோஸுக்குப் பக்கத்தில் அந்தப் பச்சையை மத்தீஸ் ஏன் வைத்தார் என்பது மணலில் நின்றபோதுதான் புரிந்தது.

கொலியூருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததும் நெத்திலி இனத்து மீன்தான் என்று மாமாவிடம் சொன்னேன். அங்கே வெயிலில் காயப்போட மாட்டார்கள், உப்போடு அடுக்கி மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். உப்பு எவ்வளவு, தலை கிள்ளுவார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தலையையும் குடலையும் எடுத்துவிடுவார்கள் என்பதுவரை சொல்ல முடிந்தது.

கிளம்பும்போது தன் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்றார். அவர் வீடு கடலிலிருந்து இரண்டாவது தெரு, சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம். நேற்றுப் போய் அளந்து பார்த்தோம், அரிசி டிரம்முக்கு மேலே ஓர் இடம் உலர்ந்து இருக்கிறது, 46 சென்டிமீட்டர் படம் மவுண்ட், சட்டத்தோடு சரியாகப் பொருந்தும்.