ஊருக்குப் போகமுன் பிள்ளைகளுக்குப் போட்ட ஊசி

ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தம் பார்க்கப் பிள்ளைகளோடு வருகிறோம், அதற்கு முதல் அவர்களுக்கு ஹெப்படைட்டிஸ் ஏ ஊசி போடவேண்டும் என்றதும் களுவாஞ்சிகுடியில் இருந்து அம்மா கேட்டா, “ஊருக்கு வாறதுக்கு ஊசியா மனே? நீயெல்லாம் கிணத்துத் தண்ணி குடிச்சுத்தானே வளர்ந்த நீ?”

அம்மா சொன்னதிலேயே காரணமும் இருக்கிறது. செங்கமாரி கொண்டுவரும் இந்தக் கிருமி மலத்தால் அசுத்தமான தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவும். சின்ன வயதில் தொற்றினால் பெரும்பாலும் வெளியே தெரியாமலே போய்விடும், பிறகு ஆயுளுக்கும் வராது. ஊரில் வளர்ந்த பலருக்கு அப்படித்தான் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும். எனக்கும் இருக்கிறது என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. டொரொண்டோவில் பிறந்த பிள்ளைகளுக்கு அது எங்கிருந்து வரும்? அதுவும் பதின்ம வயதில் வந்தால் கிழமைக்கணக்கில் படுக்கைதான்.

பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னமே போடுவது நல்லது. பிந்திவிட்டால் விட்டுவிடாதீர்கள், புறப்படும் நாளிலும் போடலாம். இங்கே பயண ஊசிக்குப் பொதுவாகக் கைக்காசுதான். ஊசிக்கு முதல் தாதி கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: முந்தின ஊசி ஏதாவது கடுமையாக ஒத்துக்கொள்ளாமல் போனதா, நியோமைசின் மருந்தோ லேடெக்ஸ் ரப்பரோ ஒவ்வாதா, கர்ப்பமா, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறீர்களா. நல்ல காய்ச்சல் என்றால் தள்ளிப்போடுவார்கள், சும்மா தடிமனுக்குத் தேவையில்லை.

போட்டவுடன் எழும்பி ஓடவேண்டாம். பதினைந்து நிமிடம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள், இருங்கள், பதின்ம வயதுப் பிள்ளைகள் சிலர் மயங்கி விழுவதுண்டு. முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால், உடம்பெல்லாம் தடித்தால் உடனே 911. மற்றப்படி கை நோ, தலையிடி, களைப்பு, பசியின்மை எல்லாம் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். வலிக்கு மருந்து கொடுப்பதென்றால் அளவைக் கேட்டுக் கொடுங்கள், பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கூடவே கூடாது.

ஊசி போட்டாயிற்று என்று ஊரில் கண்டதையும் குடிக்க விடாதீர்கள். இது வயிற்றோட்டத்தையோ தைபொயிட்டையோ தடுக்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், தெருவோர ஐஸையும் வெட்டிவைத்த பழத்தையும் விடுங்கள், சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஜெல் பூசுவது இந்தக் கிருமிக்குப் போதாது. திரும்பி வந்து ஏழு கிழமைக்குள் காய்ச்சலோடு கண் மஞ்சளானால் ஊருக்குப் போய்வந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். நீண்டகாலப் பாதுகாப்புக்கு இரண்டாவது ஊசியும் வேண்டும், ஆறு மாதம் கழித்து. எங்கள் பிள்ளைகளுக்கு அது தை மாதத்தில், திகதி இப்போதே எடுத்துவிட்டேன்.