900 கிலோ கல்லு, 24 ஹெச்பி மினி டிராக்டர்: புல்தரைல மூணு வார வேலை

வீட்டு முன்னாடி 40 அடிக்கு 30 அடி புல்தரை போட்டு ரெண்டு வருஷம் ஆகுது. கொரியன் கிராஸ், துண்டு துண்டா வாங்கிட்டு வந்து நாங்களே பதிச்சது. முதல் வருஷம் நல்லாதான் இருந்துச்சு, ரெண்டாவது வருஷம் சித்திரை வெயில்ல பார்த்தா அங்கங்க வட்டமா காஞ்சு போகுது, சுத்தி பச்சை, நடுவுல மட்டும் வைக்கோல் கலர். பூச்சின்னு நெனச்சு வேப்பம் புண்ணாக்கு போட்டோம், தண்ணி ஜாஸ்தி விட்டோம், ஒண்ணும் கேக்கல. ஒரு நாள் பையனோட ஷட்டில் நெட்டுக்கு கம்பம் நடலாம்னு அந்த வட்டத்துல கடப்பாறையைப் போட்டேன், அரை அடிகூட இறங்கல, ணங்குன்னு நின்னுடுச்சு. மேல நாலு விரக்கடை மண்ணு, அதுக்குக் கீழ கல்லு. வெயில் ஏறினதும் கல்லு சூடாகி மேல இருக்கற கொஞ்ச மண்ணையும் காய வச்சுடுது, வேர் இறங்கவும் எடமில்ல. புல்லு சரியாத்தான் வந்துருக்கு, அடியில நாங்க பாக்காம விட்டுட்டோம்.

எங்க இடம் கிருஷ்ணகிரி பக்கம். இந்த மாவட்டத்துல பூமியைத் தொட்டாலே கல்லுதான்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்தக் கல்லு ஏன் இப்படி உருண்டை உருண்டையா மண்ணுக்குள்ள கெடக்குதுன்னு தெரிஞ்சுகிட்டது எனக்கு வேலையில ரொம்ப உதவியா இருந்துச்சு, அதனால சொல்லிடறேன். இந்தப் பக்கத்துப் பாறை சுமார் 250 கோடி வருஷப் பழசு. ஆழத்துல அது கட்டம் கட்டமா வெடிப்பு விட்டு இருக்கும், அந்த வெடிப்புல தண்ணி இறங்கி ஓரம் மூலையெல்லாம் மொதல்ல உக்கிப் போகும், நடுவுல இருக்கற கெட்டிப் பகுதி மட்டும் உருண்டையா நிக்கும். அதாவது இதெல்லாம் எங்கருந்தோ உருண்டு வந்த கல்லு இல்ல, அதே எடத்துல பொறந்து அங்கயே நிக்கறது. சுத்தி இருக்கறது பொரபொரன்னு உக்கின கல்லு, அதைக் கடப்பாறையால கொத்தி எடுத்துடலாம். ஆனா சிலது அடியில தாய்ப்பாறையோட ஒட்டிகிட்டே இருக்கும். அதை இழுக்க எந்த டிராக்டராலயும் முடியாது. எது தனிக்கல்லு, எது தாய்ப்பாறைன்னு மொதல்ல கண்டுபிடிக்கணும்.

அதுக்கு நான் செஞ்சது, 10 எம்எம் கம்பி 4 அடிக்கு வெட்டி ஒரு முனையைக் கூரா தேய்ச்சு, மழை பேஞ்ச மறுநாள் அடிக்கு ஒரு தடவை குத்திகிட்டே வந்தேன். கம்பி நிக்கற எடத்துல கோலமாவு, இறங்கற எடத்துல ஒண்ணுமில்ல. அரை நாள்ல ஏழு கல்லோட உருவம் புல்லு மேல கோலம் மாதிரி தெரிஞ்சுது. அப்புறம் ஒவ்வொண்ணோட ஓரத்துலயும் ஒரு அடி தோண்டி கடப்பாறையைக் குடுத்து நெம்பினேன். எதிர்ப்பக்க ஓரத்து மண்ணுல முடி மாதிரி ஒரு வெடிப்பு விழுந்தா அது தனிக்கல்லு. ஏழுல ஆறு தனி. ஏழாவது காம்பவுண்டு சுவர் அஸ்திவாரத்துக்கு அடியில போகுது, அசையவும் இல்ல, அதைத் தொடறதில்லன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

ஜேசிபி கூப்பிட்டா ஒரு மணி நேர வேலைதானேன்னு எல்லாரும் கேட்டாங்க. ஜேசிபி அகலம் ஏழரை அடிகிட்ட வருது, எங்க கேட்டு 7 அடி, அதோட கேட்டுக்கும் புல்தரைக்கும் நடுவுல போர்வெல் பைப்பும் செப்டிக் லைனும் போகுது, ஏழு டன்னுக்கு மேல இருக்கற வண்டியை அது மேல ஏத்த எனக்கு மனசு வரல. நம்மகிட்ட தோட்டத்துக்கு வாங்கின 24 ஹெச்பி மினி டிராக்டர் இருக்கு, 4 வீல் டிரைவ். வண்டி வெயிட்டு 650 கிலோகிட்ட, பின்னாடி லிஃப்ட் 750 கிலோ தூக்கும்னு போட்டுருக்கு, ஆனா அது கருவி மாட்டற லிங்க் கம்பி முனையில, அதுக்குப் பின்னாடி தள்ளி வெயிட்டு போகப் போகத் தூக்கற அளவு கொறஞ்சுடும்.

இந்த எடத்துல கணக்கு ஒண்ணு போட்டுக்கணும். நம்ம கருங்கல்லு ஒரு கன அடி 75 கிலோ. நீளம், அகலம், ஆழம் மூணையும் அடியில அளந்து பெருக்கி, உருண்டையா இருக்கறதால பாதியைக் கழிச்சுட்டு, 75ஆல பெருக்கினா வெயிட்டு ஓரளவு வந்துடும். என்னோட சின்னக் கல்லு நாலும் 100ல இருந்து 200 கிலோ. அஞ்சாவது 300 கிட்ட. பெரிசு 4 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழம், அதாவது 900 கிலோ. வண்டியை விட வெயிட்டு ஜாஸ்தி. வெறும் மண்ணுல அந்தக் கல்லை தரதரன்னு இழுக்க 500, 600 கிலோ இழுவை வேணும், என் வண்டி டயர் வழுக்காம குடுக்கறது 400 இருந்தா பெரிசு.

சின்னது நாலும் ரெண்டு நாள்ல வந்துடுச்சு, அதைப் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல. கல்டிவேட்டர்ல ஒரே ஒரு கொழு மட்டும் நடுவுல விட்டுட்டு மீதியைக் கழட்டிட்டு, கொழு முனை கல்லுக்கு அடியில போற மாதிரி ரிவர்ஸ்ல வந்து மெதுவா லிஃப்டைத் தூக்கினா போதும். ஒண்ணு, கொழுவைப் பக்கவாட்டுல தள்ளி நெம்பக் கூடாது, அது தூக்கறதுக்குத்தான். ரெண்டாவது, மண்ணைச் சுழட்டிக் கிண்டற ரோட்டாவேட்டரை இந்த மாதிரி எடத்துல ஓட்டவே கூடாது, புல்லு போடறதுக்கு முன்னாடி ஓட்டி எனக்கு ரெண்டு பிளேடு ஒடஞ்சுது, அப்பவே நான் கல்லைத் தேடியிருக்கணும்.

அஞ்சாவது கல்லுலதான் அந்த விஷயம் நடந்துச்சு. டிராக்டர் வச்சுருக்கறவங்க இதை மட்டுமாவது படிங்க. செயின் கொஞ்சம் குட்டையா இருந்துச்சு, கல்லு குழிக்குள்ள இருந்துச்சு, மேல இருந்து இழுத்தா கல்லும் மேல வரும்னு நெனச்சு செயினை டாப் லிங்க், அதாவது கருவியை மேல் பக்கம் புடிக்கற கம்பி, மாட்டற பிராக்கெட்டுல மாட்டிட்டேன். க்ளட்ச்சை விட்டேன், கல்லு அசையல, முன் சக்கரம் ரெண்டும் தரையை விட்டு ஒரு அடி எழும்பிடுச்சு. நான் க்ளட்ச்சை மிதிச்சதால தொப்புன்னு கீழ விழுந்துச்சு. கை நடுக்கம் நிக்கவே ரொம்ப நேரம் ஆச்சு, அன்னைக்கு அதோட வேலையை நிறுத்திட்டேன். டிராக்டர் பின்னாடி கவுந்து டிரைவர் மேல விழறது இப்படித்தான், ரெண்டு செகண்டுகூட ஆகாது, யோசிக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். காரணம் என்னன்னா பின் ஆக்ஸிலுக்கு மேல எங்க மாட்டினாலும் அந்த இழுவை வண்டி மூக்கைத் தூக்கத்தான் பாக்கும். டிராபார், அதாவது பின்னாடி இழுக்கறதுக்குன்னே இருக்கற பட்டை, ஆக்ஸிலுக்குக் கீழ இருக்கறதே அதுக்குத்தான். அப்புறம் நான் டிராபாரைத் தவிர வேற எங்கயும் மாட்டல, முன்னாடி 20 கிலோ வெயிட்டு நாலு போட்டேன், லோ ஃபர்ஸ்ட் கியர், செயின் விறைப்பா ஆகற வரைக்கும் ஊர்ந்து போறது, கால் க்ளட்ச்சு மேலயே. வண்டியில ரோல்பார், அதாவது கவுந்தா டிரைவரைக் காப்பாத்தற இரும்பு வளைவு, இருந்தா அதை நிமித்தி வச்சு பெல்ட் போடணும். நான் அது வரைக்கும் வேப்பங்கிளை இடிக்குதுன்னு மடக்கியே வச்சுருந்தேன். செயின் மேல ஈரச் சாக்கு ரெண்டு போட்டுடணும், அறுந்தாலும் பறக்கற வேகம் கொறையும். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், அது ரப்பர் மாதிரி இழுபட்டு அறுந்தா ஆளை அடிக்கும். பசங்க வராண்டாவைத் தாண்டக் கூடாது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் அன்னைக்கு சாயங்காலம் வந்து குழியைப் பாத்துட்டு, "ஏம்பா, காஞ்ச மண்ணோட எதுக்கு மல்லுக்கட்டற, குழி நெறைய தண்ணி உட்டுட்டு போய் தூங்கு, காத்தால பாரு"ன்னாரு. சரிங்க மாமான்னு ஓஸைப் போட்டு விட்டுட்டேன். காலையில கடப்பாறையைக் குடுத்தா கல்லு லேசா ஆடுது. செம்மண்ணு காஞ்சு கல்லைக் கவ்விப் புடிச்சுகிட்டு இருக்கும், ஊறினா அந்தப் பிடி விட்டுடுது, நான் ரெண்டு நாள் டீசல் எரிச்சு செய்யாததை ஒரு ராத்திரித் தண்ணி செஞ்சுடுச்சு. அவர் இன்னொண்ணும் சொல்லிக் குடுத்தாரு. டயரோட இருக்கற ஒரு பழைய லாரி வீலைக் குழி ஓரத்துல பலகை போட்டு நிமித்தி நிக்க வச்சு, செயினைக் கல்லுல இருந்து அந்த வீல் மேல ஏத்தி டிராபாருக்குக் கொண்டு வரணும். வண்டி முன்னாடி போறப்ப வீல் உருளும், கல்லுக்கு இழுவை மேல் நோக்கிப் போகும். நான் எதுக்காக டாப் லிங்க்ல மாட்டினனோ அதே வேலை, ஆனா வண்டி பக்கம் இழுவை தாழ்வாவே இருக்கு. 300 கிலோ கல்லு பத்து நிமிஷத்துல மேல வந்து உக்காந்துடுச்சு.

பெரிய கல்லுக்கு முழுசா ஒரு வாரம் ஆச்சு. சுத்தி ரெண்டடி அகலத்துக்கு வாய்க்கா மாதிரி தோண்டினேன், ஒரு பக்கம் மட்டும் சரிவு. தோண்டினதும் எப்பவும் போல கல்லைத் தண்ணி ஊத்தி பிரஷ் போட்டுக் கழுவினேன். இதை நான் ஒவ்வொரு கல்லுக்கும் செஞ்சேன். எங்க பக்கம் மல்லசந்திரத்துல பெருங்கற்காலக் கல்திட்டைங்க, அதாவது பலகைக் கல்லுல கட்டின ஈமச் சின்னங்க, இருக்கு, தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் வயக்காட்டுல நடுகல்லு கெடைக்கறது இன்னும் நடக்குது. ஒரு வீரன் உருவமோ நாலு எழுத்தோ இருக்கற கல்லை நான் செயின் போட்டு இழுத்து ஒடச்சுட்டேன்னா அதை யாராலயும் திருப்பித் தர முடியாது. செயினோட கண்ணி கருங்கல்லுலயும் தடம் விடும். அதனால கழுவி, சாயங்கால வெயில் சாஞ்சு விழறப்ப எல்லாப் பக்கமும் பாத்துட்டுத்தான் செயின்.

உருவம், எழுத்து எதுவும் இல்ல. ஆனா மேல் முதுகுல ஒரே வரிசையா அஞ்சு குழி. ஒவ்வொண்ணும் ரெண்டு விரல் போற அகலம், மூணு அங்குல ஆழம். மண்ணு அடைச்சு அதுல வேர் போயிருந்துச்சு. ஆப்புக் குழி. எப்பவோ யாரோ ஒருத்தர் இந்தக் கல்லை ரெண்டாப் பொளக்க உளியால குழி வெட்டிட்டு, அஞ்சோட நிறுத்திட்டுப் போயிருக்காரு. ஏன் நிறுத்தினாருன்னு நெனச்சுகிட்டே அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் முழிச்சுருந்தேன்.

முழுக் கல்லா இழுக்கற யோசனையை அங்கயே விட்டேன். நெருப்பு வச்சு தண்ணி ஊத்தி ஒடைக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு, அது இந்தப் பக்கம் காலங்காலமா செய்யறதுதான், ஆனா சூட்டுல சில்லு தெறிக்கும், பக்கத்துலயே வேப்பமரம், வேண்டாம்னுட்டேன். துளை போட்டு ஊத்தற சுண்ணாம்பு வகைப் பவுடர் ஒண்ணு இருக்கு, வெடி இல்லாம ஒரு நாள்ல விரிஞ்சு கல்லைப் பொளக்கும், அதுக்குப் போகலாம்னு இருந்தப்பதான் கல்லு வேலை செய்யற ஒரு அண்ணா வந்து பாத்தாரு. அஞ்சு குழியையும் விரலால தடவிப் பாத்துட்டு, "வெட்டுனவரு கல்லோட ஓட்டம் தெரிஞ்சுதான் வெட்டிருக்காருங்க, இதே கோட்டுலயே போயிடலாம்"னு சொன்னாரு. குழியைக் கம்பியால சுத்தம் பண்ணி, வரிசையை நீட்டி இன்னும் மூணு குழி வெட்டினாரு, அதுக்கு மட்டும் முக்கா நாள். தண்ணி தெளிச்சுகிட்டே வெட்டச் சொன்னேன், கருங்கல்லுத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, கண்ணாடியும் குடுத்தேன்.

மறுநாள் காலையில எட்டு குழியிலயும் ரெண்டு பக்கம் தகடு வச்சு நடுவுல ஆப்பு இறக்கினாரு. ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரே ஒரு அடி, வரிசையா, திரும்ப மொதல்ல இருந்து. மூணாவது சுத்துல சத்தம் மாறிடுச்சு, ணங் ணங்னு இருந்தது கொஞ்சம் அடக்கமா ஆச்சு. சம்மட்டியைக் கீழ வச்சுட்டு "டீ குடிக்கலாங்க"ன்னாரு. அடிச்சுகிட்டே இருக்கக் கூடாதாம், கல்லு தானா விட டைம் குடுக்கணுமாம். டீ குடிச்சுகிட்டு இருக்கறப்பவே சின்னதா ஒரு சத்தம், துணி கிழியற மாதிரி. போய்ப் பாத்தா முதுகுல ஆரம்பிச்சு அடி வரைக்கும் நேரா ஒரு கோடு. கடப்பாறையை வச்சு அகட்டினதும் ரெண்டாப் பிரிஞ்சுது. உள் முகம் மேல் பக்கம் மாதிரி பழுப்பு இல்ல, நீலம் கலந்த சாம்பல், அங்கங்க மினுமினுன்னு. என் பொண்ணு கையை வச்சுப் பாத்துட்டு சில்லுன்னு இருக்குப்பான்னா.

இப்ப ஒரு பாதி 450 கிலோ. பழைய இரும்புக் கடையில 4 அடிக்கு 3 அடி, 5 எம்எம் தகடு ஒண்ணு, கல்லை மேல வச்சு இழுக்கறதுக்காக, வாங்கி முன் பக்கம் மேல வளைச்சு ரெண்டு ஓட்டை போட்டு வச்சுருந்தேன். கடப்பாறையால நெம்பி, சின்னக் கல்லு முட்டு குடுத்து, திரும்ப நெம்பி, முட்டு குடுத்து, தகட்டை அடியில சொருகிட்டோம். குழியில இருந்து சரிவு ஏத்தறதுக்கு மட்டும் கப்பி போட்டேன். கம்பிக் கயிறு ஒரு முனை வேப்பமரத்துல, பட்டை உரியாம சாக்கு சுத்தி கட்டியாச்சு, நடுவுல கப்பி தகட்டோட, மறு முனை டிராபார்ல. வண்டி ரெண்டடி போனா கல்லு ஒரு அடி வரும், ஆனா இழுவை ரெண்டு மடங்கு. டயர் ஒரு தடவைகூட வழுக்கல. ரெண்டு பாதியும் மதியத்துக்குள்ள வெளிய.

குழி மூடறதுல அவசரப்படக் கூடாது. உக்கின கல்லை மொதல்ல கொட்டி, அரை அடிக்கு ஒரு தடவை தண்ணி விட்டு மிதிச்சு, மேல ஒரு அடிக்கு செம்மண்ணும் எருவும் கலந்து, தரை மட்டத்தை விட நாலு விரக்கடை உசரமாவே விட்டுருக்கேன். மழையில எப்படியும் அமுங்கும். புல்லு இன்னும் பதிக்கல, இன்னும் ரெண்டு மழை பாத்துட்டுத்தான்.

அந்த ரெண்டு பாதியையும் வேப்பமரத்துக்கு அடியில எதிரெதிரா போட்டிருக்கோம், பொளந்த முகம் மேல வர்ற மாதிரி, உக்கார வசதியா. ஓரத்துல ஆப்புக் குழி எல்லாம் பாதி பாதியாத் தெரியும். அதுல எது பழைய அஞ்சு, எது புது மூணுன்னு உளித் தடத்தைப் பாத்தாலே சொல்லிடலாம், பழைய தடம் கொஞ்சம் மழுங்கி இருக்கு.